கன்றுமேய்பாழும் கால்நடைப் பட்டியும்: சிற்றூர் ஆட்சியில் கால்நடை ஒழுங்குமுறை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் கல்வி அதிகாரத்து இறுதிக் குறளில் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. அதே மொழியில் 'பட்டிமாடு' என்றால் கட்டுக்கடங்காமல் ஊர்சுற்றிப் பிறர் பயிரை மேயும் மாடு என்று பொருள். பொறுப்பின்றித் திரியும் மனிதரை ஏசவும் அச்சொல் பயன்படுகிறது. ஒரே விலங்கு ஓரிடத்தில் செல்வமாகவும் மற்றோரிடத்தில் தொல்லையாகவும் எண்ணப்பட்டிருக்கிறது. இவ்விரண்டில் எது என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் அவ்வூரின் ஆட்சி மன்றமே. மாடு எங்கே மேயலாம், எங்கே மேயலாகாது, மீறினால் யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பனவற்றை ஊரவைகளும் பின்வந்த ஊராட்சிகளும் வரையறுத்து வந்துள்ளன.

பேரரசுகளின் போர்களையும் கோயில்களையும் ஆராய்ந்த அளவிற்கு இச்சிறு விதிகளை நாம் ஆராயவில்லை. இவை அற்பச் செய்திகள் என்னும் எண்ணமே அதற்குக் காரணமாகலாம். ஆயினும் நிலமற்ற ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உயிர்வாழ ஒரு பசுவோ பத்து ஆடுகளோ ஆதாரமாக இருக்கும்போது, ஊர் மன்றத்தின் ஒரு வரித் தீர்மானம் அக்குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும். இக்கட்டுரையில் நாம் மூன்று காலக்கட்டங்களை எடுத்துக்கொள்கிறோம். சோழர் கால ஊரவை முதலாவது. பிரித்தானிய ஆட்சிக்காலச் சென்னை மாகாணமும் அதன் தொடர்ச்சியும் இரண்டாவது. நம் நாட்டின் தோட்டப்புறமும் அதனை அடுத்த சிறுநகரங்களும் மூன்றாவது. கால்நடை பற்றிய விதி எனத் தோன்றுவது உண்மையில் மேய்ச்சல் நிலத்தையும், அந்நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையையும் பற்றிய விதியே என்பது இக்கட்டுரையின் கருத்து.

சோழர் கால ஊரவையும் ஆநிரையும்

ஆநிரையைக் காத்தல் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் வீரச் செயலாகப் போற்றப்பட்டது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் நிரை கவர்தலையும் மீட்டலையும் பேசுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்கள் பல, தொறு மீட்டு மாண்டவர்களுக்காக எடுக்கப்பட்டவை. அவற்றுள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல், கோவிவன் என்னும் நாய் இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் பதிவு செய்துள்ளது. வீட்டு விலங்கின் பெயரைக் கல்லில் பொறித்த சமூகம் அது.

சோழர் காலத்தில் இவ்வுறவு ஓர் ஒப்பந்த வடிவம் பெறுகிறது. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர்கள் ஆடுகளையோ பசுக்களையோ கொடையாக அளித்தனர். அவற்றை மன்றாடிகள் எனப்பட்ட இடையர் பெற்று வளர்த்து, நாள்தோறும் விளக்கொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளந்தனர். இவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகளில் குறிக்கப்பட்டன. ஆடு இறந்தாலும் மூத்தாலும் அதன் குட்டியைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டும் என்பதே இத்தொடரின் உட்பொருள். தஞ்சை இராசராசேசுவரத்துக் கல்வெட்டுகளில் ஒரு விளக்கிற்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 என்னும் கணக்கு காணப்படுகிறது. இதன்படி ஓர் எருமை மூன்று பசுக்களுக்கும் ஆறு ஆடுகளுக்கும் சமம். விலங்கின் மதிப்பு அது தரும் நெய்யால் அளக்கப்பட்டது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பின்னர் இவ்வளவுகோல் மாறுவதைக் காண்போம்.

இத்தனை விலங்குகளும் எங்கே மேய்ந்தன என்னும் கேள்விக்கும் அதே கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு குறிப்பு உண்டு. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை அளந்து வரி கணக்கிட்டபோது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றோடு 'கன்றுமேய்பாழ்' என்னும் நிலமும் வரிக்குரிய பரப்பிலிருந்து நீக்கப்பட்டது. பாழ் என்பது ஈண்டுப் பயனற்ற நிலம் அன்று. உழவுக்கு உட்படுத்தாமல் கன்றுகளின் மேய்ச்சலுக்கென விடப்பட்ட நிலம் அது. மேய்ச்சல் நிலம் வரிக்கணக்குக்குப் புறத்தே வைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

எனினும் அக்கால ஊரவையை மிகைப்படப் புகழ்வதும் பொருந்தாது. முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. சம்வற்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவை அவற்றில் பெயர் சுட்டப்பெறுகின்றன. தோட்டத்திற்கும் ஏரிக்கும் பொன்னுக்கும் வாரியம் உண்டு. கால்நடைக்கெனத் தனி வாரியம் அப்பட்டியலில் இல்லை. வாரியத்தில் இடம்பெறக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வியில் சிறந்தவர்க்கு நில அளவு குறைக்கப்பட்டது. வயது வரம்பு 35 முதல் 70 வரை. இத்தகுதிகளை நோக்குமிடத்து, மந்தையோடு திரிந்த மன்றாடி அவ்வவையில் அமர்ந்திருக்க வாய்ப்பில்லை எனலாம். அவர் நெய் அளந்தார். ஊரைப் பற்றிய முடிவுகளை நிலமுடையோர் எடுத்தனர். இந்த இடைவெளியே பின்வரும் நூற்றாண்டுகளிலும் நம்மைத் தொடர்கிறது.

புறம்போக்கு என்னும் சொல்லின் வரலாறு

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இரயத்துவாரி முறை நிலைபெற்றபோது ஒவ்வொரு துண்டு நிலமும் அளந்து எண்ணிடப்பட்டது. வரி விதிக்கப்படாத பொது நிலங்கள் புறம்போக்கு என்னும் தலைப்பில் தொகுக்கப்பட்டன. மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு என்பன அவற்றுள் அடங்கும். சோழர் காலத்துக் கன்றுமேய்பாழைப் போலவே இவையும் வரிக்கணக்குக்குப் புறத்தே நின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்னைய முறையில் அந்நிலம் ஊரின் பயன்பாட்டால் அறியப்பட்டது. புதிய முறையில் அது அரசின் நிலமாயிற்று. வருவாய்த்துறை அதன் வகையை மாற்றி, பிறருக்கு ஒப்படை செய்யவும் முடிந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின்னர், ஊரையடுத்த காடுகள் பல காப்புக்காடுகளாகி, அங்கு மேய்ப்பதும் அனுமதிக்கும் கட்டணத்திற்கும் உட்பட்டது.

இன்று பேச்சு வழக்கில் 'புறம்போக்கு' என்பது வசைச்சொல்லாகிவிட்டது. எல்லார்க்கும் பொதுவாயிருந்த நிலத்தின் பெயர் யாருக்கும் உரியதாகாத நிலத்தின் பெயராக மாறிய வரலாறு அவ்வசையில் அடங்கியுள்ளது. மேயும் இடம் இவ்வாறு சுருங்கிய அதே காலத்தில்தான் மேய்ந்ததற்குத் தண்டம் விதிக்கும் சட்டமும் உறுதி பெற்றது.

1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம்

1857ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியும் தொகுத்தும் 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய தலைநகரங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே இது சிற்றூர்களுக்கும் சிறுநகரங்களுக்கும் உரிய சட்டம். மாவட்ட நடுவர் ஆங்காங்கே கால்நடைப் பட்டிகளை அமைப்பார். இவற்றைத் தமிழக மக்கள் 'பவுண்டு' என்றே வழங்கினர். பயிரை மேய்ந்த விலங்கை உழவரே பிடிக்கலாம்; பிடித்ததை 24 மணி நேரத்திற்குள் பட்டியில் ஒப்படைக்க வேண்டும். பட்டிக்காவலர் பதிவேட்டில் எழுதி, தீனியும் நீரும் அளிப்பார். உரிமையாளர் தண்டமும் தீனிச் செலவும் செலுத்தி மீட்கலாம். ஏழு நாளில் எவரும் வாராவிடில் காவல் நிலையத்திற்கு அறிவிக்கப்படும். அறிவிப்பு வெளியிட்ட பின்னும் ஏழு நாள் கடந்தால் விலங்கு ஏலம் போகும்.

அச்சட்டம் விதித்த தண்டப் பட்டியல் வருமாறு: யானைக்கு இரண்டு ரூபாய், ஒட்டகம், எருமை ஆகியவற்றிற்கு எட்டணா, குதிரை, காளை, பசு முதலியவற்றிற்கு நாலணா, கன்று, கழுதை, பன்றி ஆகியவற்றிற்கு இரண்டணா, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றிற்கு ஓரணா. இங்கு ஓர் எருமை இரண்டு பசுக்களுக்கும் எட்டு ஆடுகளுக்கும் சமம். தஞ்சைக் கல்வெட்டின் கணக்கோடு இதனை ஒப்பிடுவது பயன்தரும். அங்கு விலங்கு எவ்வளவு தரும் என்பது அளவுகோல். இங்கு அது தவறினால் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பது அளவுகோல். இரு பட்டியல்களும் விலங்குகளை வரிசைப்படுத்துகின்றன. ஆயின் அவற்றை வரைந்த கண்கள் வெவ்வேறானவை.

இச்சட்டத்தின் மூன்று கூறுகள் நம் ஆய்வுக்கு முதன்மையானவை. முதலாவது, தண்டம் தலைக்கணக்கில் விதிக்கப்பட்டது. விளைந்த சேதத்தின் அளவு அதில் கருதப்படவில்லை. நூறு ஆடுகளை மேய்த்துவந்த இடையர் ஒருவரின் மந்தை வரப்பைத் தாண்டிப் பிடிபட்டால், ஆடொன்றுக்கு ஓரணா வீதம் ஆறு ரூபாய் நாலணா செலுத்தியாக வேண்டும். மேய்ந்தது ஒரு பாத்தியா, ஒரு வயலா என்பது பொருட்டன்று. தீனிச் செலவு தனி. மீட்கப் பணமின்றி நாள் கடத்தினால் அச்செலவும் நாள்தோறும் ஏறும்.

இரண்டாவது, இத்தண்டம் பயிரை இழந்த உழவருக்குச் சேரவில்லை. பட்டிக்காவலரின் ஊதியத்திற்கும் பட்டியின் பராமரிப்பிற்கும் போக எஞ்சிய தொகையைச் சாலை, பாலம் முதலிய பொதுப்பணிகளுக்குச் செலவிடலாம் எனச் சட்டம் கூறியது. உழவர் இழப்பீடு வேண்டின் நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆகவே, உழவரையும் மேய்ப்பரையும் எதிரெதிரே நிறுத்திய சட்டம் அவ்விருவரில் எவருக்கும் நிறைவளிக்கவில்லை. ஊரின் சாலைக்கு மாட்டுத் தண்டம் பயன்படுமாயின், மாடு பிடிபடுவது நிருவாகத்திற்கு வருவாய் ஆகிறது. ஒழுங்குமுறைக்கென விதிக்கப்படும் தண்டம் வருவாயாக மாறுவதில் உள்ள இடர் இது.

மூன்றாவது, அதிகாரத் தவறு நேரும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருந்தது. காவல்துறையினரோ பட்டிக்காவலரோ ஏலத்தில் விலங்கை நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது எனத் தடை விதிக்கப்பட்டது. முறையின்றிப் பிடிக்கப்பட்டதாகக் கருதும் உரிமையாளர் பத்து நாளுக்குள் நடுவரிடம் முறையிடலாம். 100 ரூபாய்க்கு மேற்படாத இழப்பீடும் பெறலாம். இவ்விதிகள் பாராட்டத்தக்கவையே. ஆயினும் எழுத்தறியாத மேய்ப்பர் ஒருவர் நாள் கூலியை இழந்து பத்து நாளுக்குள் நடுவர் முன் நிற்பது எளிதன்று. மறுபுறம், பிடிபட்ட மாட்டை வலிந்து மீட்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை தண்டமோ விதிக்க இச்சட்டம் இடமளித்தது. பண்டு நிரை மீட்டவனுக்கு நடுகல் நட்ட மண்ணில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஓர் ஊர் நகராகும்போது

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பு, பட்டிகளையும் கால்நடை அத்துமீறலைத் தடுப்பதையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய பணிகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்தன. ஊராட்சிக்குரிய பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் நான்காவது 'கால்நடை வளர்ப்பு, பால்பண்ணை, கோழி வளர்ப்பு' என்பதாகும். நகராட்சிக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் கால்நடை வளர்ப்பு இல்லை. அங்கே பதினைந்தாவதாக இடம்பெறுவது 'கால்நடைப் பட்டிகளும் விலங்குவதைத் தடுப்பும்'. பதினெட்டாவது ஆடுமாடு அறுக்கும் கூடங்களையும் தோல் பதனிடும் இடங்களையும் ஒழுங்குபடுத்துதல்.

இவ்விரு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். ஊராட்சி எல்லைக்குள் நிற்கும் பசு வளர்க்கப்பட வேண்டிய செல்வம். அதே பசு நகராட்சி எல்லைக்குள் நின்றால் அடைக்கப்பட வேண்டியது, வதைக்கப்படாமல் காக்கப்பட வேண்டியது, அல்லது முறையாக அறுக்கப்பட வேண்டியது. சிற்றூருக்கும் நகருக்கும் இடைப்பட்ட, மாறிவரும் பகுதிகளுக்கென அரசியலமைப்பு வகுத்த உள்ளாட்சி வகையும் பன்னிரண்டாம் அட்டவணையின் கீழேயே வருகிறது. சிற்றூர் ஒன்று வளர்ந்து இவ்வகைக்குள் வரும் நாளில் அங்குள்ள மாடுகள் இடம்பெயர்வதில்லை, தொழுவங்களும் மாறுவதில்லை. மாறுவது அட்டவணை மட்டுமே. குடவோலைக்குப் புகழ்பெற்ற உத்திரமேரூரே இன்று பேரூராட்சிதான். வயலும் ஏரியும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் கால்நடையைப் பற்றிச் சிந்திக்கும் மன்றத்திற்கு, பட்டியை நோக்கிச் செல்லும் பாதையைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. மேய்ச்சலை நோக்கிய பாதையை அம்மன்றமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என 2011 சனவரி 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு, இவ்வகையில் ஒரு திருப்பம். ஆயினும் நிலத்தை மீட்பது ஒன்று; மீட்ட நிலத்தை மேய்ச்சலுக்கு விடுவது வேறொன்று.

தோட்டப்புறத்தில் பதினாறில் ஒரு பங்கு

தமிழகச் சிற்றூர்களிலிருந்து மலாயா வந்த தொழிலாளர்கள் கால்நடை வளர்க்கும் பழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். லயன் வீடுகளின் பின்புறத்தில் மாட்டுக் கொட்டகையும் ஆட்டுப் பட்டியும் எழுந்தன. பால் விற்ற காசு பல குடும்பங்களுக்குக் கூலிக்கு அப்பாற்பட்ட ஒரே வருவாயாக இருந்தது; அது பெரும்பாலும் பெண்களின் உழைப்பால் வந்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவை மாடு தாங்கிய குடும்பங்கள் நம் தலைமுறையினர் பலருக்கும் நேரில் தெரிந்தவை.

இதற்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்டம் போடவும் மேய்க்கவும் ஒதுக்க வேண்டும் எனத் தோட்ட நிருவாகத்தைக் கேட்டது. இது ஏறத்தாழ 2,720 சதுர அடி. ஒரு மாட்டிற்குக்கூட இந்நிலம் போதாது. இரப்பர் மர வரிசைகளின் இடைப்புல்லே உண்மையில் மேய்ச்சல் நிலமாக அமைந்தது. ஆயினும் கொள்கையளவில் இவ்விதி கன்றுமேய்பாழை நினைவூட்டுகிறது. மாடு வளர்ப்போருக்கு மேயும் இடமும் வேண்டும் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

இந்த ஏற்பின் குறை யாதெனில், வேலை இருக்கும்வரைதான் நிலம். வீடும் காய்கறித் தோட்டமும் மேய்ச்சலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்பிற்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோதும் அக்கயிறு அறுந்தது. குடும்பங்கள் அருகிலிருந்த சிறுநகரங்களுக்குப் பெயர்ந்தன. மாடுகளும் உடன் பெயர்ந்தன. தோட்ட நிருவாகியின் வாய்மொழி இசைவில் மேய்ந்த மாடு, நகர எல்லைக்குள் நுழைந்ததும் ஊராட்சி மன்றத்தின் துணைச்சட்டத்திற்கு உட்பட்டது.

1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் துணைச்சட்டம் இயற்றும் அதிகாரத்தை மன்றங்களுக்கு வழங்குகிறது. மாநில அரசு அத்துணைச்சட்டங்களை உறுதிசெய்ய வேண்டும். அவற்றை மீறுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை தண்டமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மன்றத் தலைவரோடு எட்டு முதல் 24 உறுப்பினர் வரை மாநில அரசால் நியமிக்கப்படுவர். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டு, இச்சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டன. கால் வேலி நிலமில்லாததால் மன்றாடிக்கு வாரியத்தில் இடமில்லை என்று முன்னர்க் கண்டோம். இங்கு நிலத் தகுதி இல்லை. ஆனால் மாடு வளர்ப்பவர் வாக்களித்து ஓர் உறுப்பினரை அனுப்பும் வழியும் இல்லை.

ஒரு கதவு மட்டும் திறந்தே இருக்கிறது. மன்றம் தீர்மானம் வழி விலக்கினாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்க்கும் திறந்தவை என அதே சட்டம் கூறுகிறது. நம்மவர் இவ்வுரிமையை அறிந்து பயன்படுத்தியது குறைவே. கொட்டகையை உடைக்க ஆள் வந்த பின்னரே முறையீடு தொடங்குகிறது; துணைச்சட்டம் விவாதிக்கப்பட்ட நாளில் அவையில் நாம் இருப்பதில்லை.

முடிவுரை

சாலையில் படுத்த மாட்டில் மோதி உயிரிழப்பவர் உண்டு. கழிவு ஓடையில் கலந்து அண்டை வீட்டாருக்கு நோய் வருவதும் உண்டு. ஆகவே கால்நடைக்குக் கட்டுப்பாடே கூடாது என்பது நம் கருத்தன்று. வரப்பைத் தாண்டிய மாட்டால் உழவர் இழந்த பயிரும் ஓர் ஏழையின் உழைப்பே.

எனினும் நாம் கண்ட வரலாறு, சிற்றூர் மன்றம் ஒன்று கால்நடை பற்றித் தீர்மானிக்க முற்படும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முன்வைக்கிறது. மேயக் கூடாத இடத்தைச் சொல்லும் விதி, மேயத்தக்க இடத்தையும் சொல்கிறதா? வாங்கும் தண்டம் சேதமுற்றவரைச் சேர்கிறதா, மன்றத்தின் வருவாயாகிறதா? விதியால் கட்டுப்படப் போகிறவர் அது எழுதப்படும் அவையில் பேச இடம் உண்டா? 1871ஆம் ஆண்டுச் சட்டம் முதற்கேள்வியை எழுப்பவில்லை. இரண்டாவதற்குப் பொதுப்பணியைக் காட்டியது. உத்திரமேரூர் அவை நிலமுடையோரை மட்டுமே அமர்த்தியது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு முதற்கேள்விக்குப் பதினாறில் ஒரு பங்கு விடையளித்தது.

கன்றுமேய்பாழ் என்னும் சொல் இன்று வழக்கில் இல்லை. அதனை வரிக்கணக்கிலிருந்து நீக்கி எழுதிய கணக்கர், உழப்படாத நிலத்திற்கும் ஊரில் ஒரு பயன் உண்டு என்பதை அறிந்திருந்தார். நம் மாவட்ட மன்றங்களின் திட்ட வரைபடங்களில் குடியிருப்புக்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் தனித்தனி வண்ணங்கள் உள்ளன. மாடு வளர்ப்போரை வெளியேறச் சொல்லும் அறிவிப்பை அனுப்புமுன், அவ்வரைபடத்தில் புல்லுக்கும் ஒரு வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மன்றத்தின் கடன். அதனைக் கேட்க அவைக்குச் செல்வது நம் கடன்.